ராஜ்மாவைப் பிதுக்கிய நாள்

என் மகள் டிரினிடாட்டிலிருந்து வந்த நாள் முதல் தட்டில் பாதிச் சோற்றை மிச்சம் வைத்துக்கொண்டிருந்தாள். மட்டன் குழம்பு வைத்தேன். "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். கருவாடு வறுத்தேன். எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். கருவாட்டு வாசனைக்கு ஜன்னலைத் திறக்கிற பிள்ளையையா நான் பெற்றேன்? வந்த கோபத்தில் அந்த ஜன்னலை டமாரென்று சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அவள் அங்கே, அந்த வெஸ்ட் இண்டீஸ் தீவில், ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒப்பந்தம் முடிந்து வந்திருந்தாள். திரும்ப வருகிறாயா இல்லையா, இந்த வாரக் கடைசிக்குள் சொல் என்று அங்கிருந்து கேட்டிருந்தார்கள். நல்லவேளை, அதே வாரத்தில் பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலும் அவளை இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். பெங்களூர் கிடைத்தால் வீட்டிலிருந்தே ரயிலில் போய் வரலாம், ராத்திரி என் பக்கத்தில் படுக்கலாம். டிரினிடாட் என்றால் இன்னும் மூன்று வருடம் போன் திரையில்தான் அவள் முகம். இதில் எனக்கு எது வேண்டும் என்பதை நான் மறைக்கவில்லை. தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

"நீ இன்னாதான் நெனச்சுட்டு இருக்கற?" என்று கேட்டால் "யோசிக்கிறேம்மா" என்பாள். யோசிக்கிறவள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கொஞ்சமாவது சாய வேண்டாமா? சாயவே இல்லை. ஒரே ஒரு தரம் சாப்பிடும்போது பெருமூச்சு விட்டாள்.

"அங்க பீன்ஸும் பூசணிக்காயும் போட்டு, தேங்காப்பால் ஊத்தி, கெட்டியா ஒரு கொழம்பு வைப்பாங்கம்மா. அத சாப்டணும்போல இருக்குது."

அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. என் மகளைக் கடல் தாண்டி இழுப்பது சம்பளமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை, ஒரு சட்டி குழம்பு. அதை நான் இங்கே கோலார் தங்கவயலில், எங்கள் பாலகாட்டிலேயே வைத்துக் கொடுத்துவிட்டால் அங்கே அவளுக்கு என்ன வேலை? இவ்வளவு சுலபமான விஷயத்துக்காகவா இத்தனை நாள் கோயில் கோயிலாக விளக்கேற்றினோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

செய்முறைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. அங்கே அவள் குடியிருந்த வீட்டுக்காரம்மாவும் நானும் போனில் சிநேகிதிகள். பேச்சு அதிகம் கிடையாது, தினமும் காலையில் பூப் படம் அனுப்பிக்கொள்வோம். அவர் செம்பருத்தி அனுப்பினால் நான் சாமந்தி அனுப்புவேன். இண்டர்வியூவுக்கு முந்தின நாள் காலையில் மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவருக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே அப்போது ராத்திரி. படுக்கப் போகிற சட்டையில் இருந்தார். அந்தக் குழம்பைப் பற்றிக் கேட்டதும் தூக்கமெல்லாம் போய், போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே நடந்துவிட்டார்.

சிவப்பு பீன்ஸ் வேண்டும், அதாவது நம் ராஜ்மா. முந்தின நாளே ஊற வேண்டும். வெந்ததும் வெங்காயம், பூண்டு, பூசணிக்காய், தேங்காய்ப்பால். ஒரு மிளகாயை முழுசாக மேலே மிதக்கவிட்டு, உடையாமல் எடுத்துவிட வேண்டும். கடைசியில் ஒரு இலை. அந்த இலையைக் காட்டுவதற்காக டார்ச் அடித்துக்கொண்டு தோட்டத்துக்கே போனார். நான் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நம் ஓமவல்லி! சளி பிடித்தால் கஷாயம் வைப்போமே, அதே தடித்த இலை. எங்கள் வாசலில் உடைந்த பக்கெட்டில் புதராக வளர்ந்து கிடக்கிறது. நானும் போனைத் திருப்பிப் பக்கெட்டைக் காட்டினேன். அவர் அங்கே கை தட்டிச் சிரித்தார், நான் இங்கே சிரித்தேன். ஆனால் எதற்காகக் குழம்பு வைக்கிறேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலை ரயிலில் மகள் பெங்களூருக்குக் கிளம்பினாள். எங்கள் தெருவில் வேலைக்குப் போகிற ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் அதே ரயிலில்தான் போவார்கள். என் வீட்டுக்காரர் வீட்டுப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து வாங்கக் கோலாருக்குப் பஸ் ஏறினார். எல்லோரும் போனதும், கட்டிலுக்கடியில் மகளுக்குத் தெரியாமல் ஊற வைத்திருந்த ராஜ்மாவை வெளியே இழுத்தேன். தெருவே ருசி பார்க்க வருமென்று தாராளமாக ஊறப்போட்டிருந்தேன். பிறகு பூசணிக்காயை உருட்டிக்கொண்டு வந்தேன். மஞ்சள் பூசணி, முழுசு. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கடைக்காரர் கீற்றுப் போட்டுத் தருகிறேன் என்றுதான் சொன்னார். நான்தான் பெரிய மனுஷி மாதிரி "முழுசாவே குடுங்க" என்று வாங்கி வந்திருந்தேன்.

அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. முழுப் பூசணிக்காயில் பெண்பிள்ளை முதல் வெட்டு வெட்டக்கூடாது. ஆண்பிள்ளை ஒருவர் பிளந்து கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் நாம் எப்படி வேண்டுமானாலும் நறுக்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான், தெருவில் கன்னடக்காரர் வீட்டிலும் தெலுங்குக்காரர் வீட்டிலும் அப்படித்தான். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. இருபது வருடம் பெங்களூர் போய் கார்மெண்ட்ஸில் தைத்துச் சம்பாதித்தவள், ஒரு காய்க்குப் பயப்படுவேனா? ஆனால் அன்றைக்கு என் மகள் இண்டர்வியூவுக்குப் போயிருக்கிறாள். வேறு நாளாக இருந்தால் ஒரே போடு போட்டிருப்பேன். அன்றைக்குக் கை வரவில்லை.

எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவரும் அவருடைய ஓரகத்தியும் ஒன்றாகவே வந்தார்கள். அந்த இரண்டு பேரும் எங்கே போனாலும் ஒன்றாகத்தான் போவார்கள், போகிற வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு.

"அக்கா, உங்க வூட்ல ஆம்பள யாராச்சும் கீறாங்களா?"

"ஆம்பளையா? இந்நேரத்துக்கா? எல்லாம் பங்காரப்பேட்டை தாண்டிருப்பானுங்க."

உண்மைதான். பகல் நேரத்தில் எங்கள் தெருவில் ஆண் என்று சொல்லிக்கொள்ள ஒரு சேவல் உண்டு, அதற்கும் வயதாகிவிட்டது. தெருக்கோடி வீட்டில் தங்கச் சுரங்கப் பென்ஷன்காரர் ஒருவர் இருக்கிறாரே என்று ஞாபகம் வந்தது. இரண்டு பேரையும் வீட்டில் உட்கார வைத்துவிட்டு, "பூண்டு உரிச்சுக்கினு இருங்க, இதோ வந்துர்றேன்" என்று கிளம்பினேன். இந்த இடத்தில்தான் நான் தப்புப் பண்ணினேன்.

பென்ஷன்காரர் விஷயத்தைக் கேட்டதும் துள்ளி எழுந்தார். கண் ஆபரேஷன் ஆகிக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நாள் பூராவும் சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷரிடம் ஒரு வேலை என்று போய் நின்றால் விடுவாரா?

"ஷாஃப்ட்டுக்குள்ள எறங்கி, கடைசி லெவல்ல கல்லு ஒடச்சவன் நானு. ஒரு பூசணிக்கா ஒடைக்க மாட்டேனா? கத்தி எங்க?"

அவர் மனைவி குறுக்கே வந்து நின்றார். "கல்லு ஒடச்சீங்க, சரி. நேத்து இட்லின்னு நெனச்சு துணி சோப்ப சட்னில தொட்டீங்களே, அதையும் சொல்லுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "டாக்டர் குனியவே கூடாதுன்னு சொல்லிக்கிறாரு. நீ போம்மா" என்றார். அவர் கறுப்புக் கண்ணாடியோடு ஏக்கமாக என்னைப் பார்த்தார், அல்லது எனக்குப் பக்கத்திலிருந்த தூணைப் பார்த்தார்.

வாசலுக்கு வந்து நின்றேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை புடவையும் நைட்டியும்தான். அப்போது சிலிண்டர் வண்டி வந்தது. கடவுளே வண்டி ஓட்டிக்கொண்டு வந்த மாதிரி எனக்கு இருந்தது. நடுத்தெருவில் போய்க் கையை நீட்டி நின்றேன். வண்டி நின்றது. முப்பது வயது இருக்கும், கன்னடக்காரர்.

"புக் பண்ணிருக்கீங்களா அக்கா?"

"இல்ல. நீங்க ஆம்பளதானே?"

அவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். துணைக்கு ஒரு ஆண்கூட இல்லை. பாவம், முகம் வெளுத்துவிட்டது. அவசரமாக விஷயத்தைச் சொன்னேன். மூச்சு விட்டார்.

"கும்பளாக்காயா! அத மொதல்ல சொல்லக்கூடாதா அக்கா? பயந்தே பூட்டேன். எங்க அம்மாவும் சும்னே ஒரு காய வெச்சுக்கினு நான் வர்ற வரைக்கும் உக்காந்திருப்பாங்க."

வீட்டுக்குள் வந்து, கையைக் கழுவி, பூசணிக்காயைக் கும்பிட்டு, கத்தியை வைத்து ஒரே அழுத்து. காய் இரண்டாகப் பிளந்து உள்ளே தங்கம் மாதிரி சதை தெரிந்தது. "ஆயித்து அக்கா" என்று நிமிர்ந்தவர், என் பின்னால் எதையோ பார்த்தார்.

"இது இன்னா அவரைக்காய் அக்கா, செவப்பா கீது?"

திரும்பிப் பார்த்தேன். எதிர்வீட்டு அக்காவும் ஓரகத்தியும் காலியான ராஜ்மா பாத்திரத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவே சிவப்புத் தோல் ஒரு குவியலாகக் கிடந்தது. பக்கத்துத் தட்டில் வெள்ளை வெளேரென்று பருப்பு. பூண்டு உரிக்காமல் அப்படியே கிடந்தது.

"அய்யோ! இன்னாக்கா பண்ணி வெச்சீங்க!"

"இன்னா பண்ணோம்? ஊறிக் கெடந்துச்சு, பிதுக்கினோம்."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. கோலார்ப் பக்கம் பனிக்காலம் வந்தால் அவரைக்காய்தான். கொட்டையை ஊற வைத்து, விரலால் ஒரு பிதுக்குப் பிதுக்கினால் பருப்பு பொதுக்கென்று வெளியே வந்து விழும். பிதுக்கப்பருப்பு இல்லாத பனிக்காலம் எங்களுக்கு இல்லை. நாலு பெண்கள் உட்கார்ந்தால் ஊர்க் கதை வாயில் ஓடும், பிதுக்கல் கையில் ஓடும். ஊறிய கொட்டை எதுவாக இருந்தாலும் எங்கள் ஊர்க் கை அதைச் சும்மா விடாது. அது ராஜ்மாவா அவரையா என்று கை கேட்பதும் இல்லை.

"ஆனா ஒண்ணு," என்றார் ஓரகத்தி, நகத்தைக் காட்டி. "தோலு கல்லு மாதிரி கீது. எவனோ உன்ன நல்லா ஏமாத்திட்டான். இத வாங்காத இனிமே."

எனக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். கத்தினேன். "உதவி பண்ண வந்தவங்கள பாத்துப் பேசு" என்று அவர்களும் கத்தினார்கள். நாங்கள் கத்துகிற சத்தத்தில் சிலிண்டர்க்காரர் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடிவிட்டார். மறுபடியும் வாங்கி ஊற வைக்க நேரமில்லை. சாயங்கால ரயிலில் மகள் வந்துவிடுவாள். நடப்பது நடக்கட்டும் என்று பிதுக்கியதையே குக்கரில் போட்டேன்.

மூடியைத் திறந்தால் பீன்ஸ் என்று ஒன்று உள்ளே இருந்த அடையாளமே இல்லை. கரைந்து கூழாகிவிட்டது. வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கிப் போட்டேன். பூசணியைப் போட்டேன், அதுவும் பாதி கரைந்தது. தேங்காய்ப்பாலை ஊற்றி, ஒரு மிளகாயை மிதக்கவிட்டுக் காவல் நின்றேன். எதிர்வீட்டு அக்கா சமாதானமாகப் போகலாம் என்று கரண்டியில் எண்ணெய் காய்ச்சிக் கடுகு போட வந்தார். "தாளிக்காம எறக்கினா அது கஞ்சிடி" என்றார். கரண்டியைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன். கடைசியில் ஓமவல்லியைக் கிள்ளிப் போட்டதும் வீடு முழுக்கக் கஷாய வாசனை எழுந்தது.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் கோலாரிலிருந்து வந்தார். வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார்.

"யாருக்கு சளி?"

"யாருக்கும் இல்ல. இது வெஸ்ட் இண்டீஸ் கொழம்பு."

அவருக்கு வெஸ்ட் இண்டீஸ் என்றால் கிரிக்கெட். வேறெதுவும் தெரியாது. மகள் அங்கே வேலைக்குப் போகிறாள் என்றதும் முதலில் கேட்டது ஆஸ்பத்திரியைப் பற்றி இல்லை, மைதானம் எவ்வளவு தூரம் என்றுதான். சட்டியை எட்டிப் பார்த்து ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டார்.

"இதத் தின்னுட்டா அவனுங்க அப்படி பௌலிங் போட்டானுங்க?" என்றார். இன்னொரு கரண்டி எடுத்தார். "இது பிதுக்கப்பருப்பு கூட்டு. சளிக்கு நல்லது."

அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் யோசனை என்ன, நடந்தது என்ன! அந்தக் குழம்பை அப்படியே வைத்து அவள் முன்னால் இறக்கி, "பாத்தியா, எல்லாம் இங்கயே கெடைக்கும்" என்று சொல்ல நினைத்திருந்தேன். இதைக் கொண்டுபோய் வைத்தால், சிரித்துவிட்டு ஜன்னலைத் திறக்கத்தான் போவாள்.

இருட்டுகிற நேரத்துக்கு மகள் வந்தாள். தலை கலைந்து, புடவை கசங்கி, செருப்பைக் கழற்றத் தெம்பில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேல கெடச்சுருச்சும்மா."

நான் போட்ட சத்தத்தில் தெருநாய் எழுந்து ஓடியது. எதிர்வீட்டைப் பார்த்து "அக்கா, கெடச்சுருச்சு!" என்று கூவினேன். பூசணிக்காயில் கை வைக்காமல் இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தில் குழம்பைப் பற்றிய பயமும் போய்விட்டது. மூன்று பேருக்கும் தட்டுப் போட்டு, சோற்றின் மேல் அதை ஊற்றினேன்.

அவள் குனிந்து முகர்ந்தாள். சட்டென்று என்னைப் பார்த்தாள். "இது எப்படிம்மா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் சாப்பிட ஆரம்பித்தாள். அப்படி அவள் சாப்பிட்டு நான் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று! விரலை நக்கினாள். தட்டை நீட்டினாள். இரண்டாம் தரம் ஊற்றும்போது பிதுக்கிய கதையைச் சொன்னேன். சிலிண்டர்க்காரரை "நீங்க ஆம்பளதானே" என்று கேட்டதைச் சொன்னபோது புரையேறிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் அவள் தலையைத் தட்டினேன். அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னால் சொல்ல முடியாது.

"அங்க வைக்கிறதுல பீன்ஸ் தனித்தனியா கடிபட்டுக்கினே இருக்கும்மா" என்றாள், சோற்றைப் பிசைந்துகொண்டே. "இது அதவிட நல்லா இருக்குது. இனிமே அங்க நான் இப்படித்தான் வைக்கப் போறேன்."

என் வீட்டுக்காரரின் கை தட்டிலேயே நின்றது. அவளுக்கும் தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது போல. பிசைவதை நிறுத்தினாள்.

"பெங்களூர்ல வேல கெடச்சுருச்சுன்னு சொன்ன?" என்றேன்.

"கெடச்சுருச்சு."

"அப்புறம் இன்னாடி?"

"காலையில நின்னுக்கினே போனேம்மா. நம்ம ஸ்டேஷனுக்கு வர்றதுக்குள்ள, ரயில் கெளம்பற மாரிக்குப்பத்துலயே சீட்டெல்லாம் போயிருச்சு. வரும்போதும் நின்னுக்கினே வந்தேன். கதவோரம் ஒரு அம்மா கம்பியப் புடிச்சுக்கினு, நின்ன வாக்குலயே தூங்கினாங்க. ஒன்ன மாதிரியே இருந்தாங்க. உன் கால்ல நரம்பு சுருண்டு கெடக்குறத நான் வந்த நாள்லேர்ந்து பாக்குறேன். அங்க ஆஸ்பத்திரிக்கு நடந்து போறேம்மா. டியூட்டி முடிஞ்சா எனக்குன்னு ஒரு சாயங்காலம் இருக்குது."

வாயைத் திறந்தேன். போகப் போகப் பழகிவிடும் என்று சொல்லத்தான் திறந்தேன். இருபது வருடம் அந்த ரயிலில் நின்றவள் நான், வேறு யாருக்கு அதைச் சொல்ல உரிமை இருக்கிறது? ஆனால் அது பொய். பழகாது. எனக்கு ஒரு நாள்கூடப் பழகவில்லை. திரும்பி வரும்போது ஒவ்வொரு சாயங்காலமும் அழுகை வந்திருக்கிறது, அதை வீட்டில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

"எனக்கு நீ போறது புடிக்கல" என்றேன். "ஒரு சொட்டுகூடப் புடிக்கல. போ."

"கோவமா சொல்றியா?"

"கோவமாத்தான் சொல்றேன். போ. இப்பவே பதில் அனுப்பு. நாளைக்குக் கேட்டேன்னா வேற மாதிரி சொல்லிடுவேன்."

அவள் கை கழுவிவிட்டு வந்து போனை எடுத்தாள். தட்டித் தட்டி அழித்தாள், மறுபடி தட்டினாள். என் வீட்டுக்காரர் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவரே கழுவினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் தட்டுக் கழுவி நான் பார்த்ததில்லை.

அப்போது எதிர்வீட்டு அக்கா எவர்சில்வர் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றார். காலையில் போட்ட சண்டையெல்லாம் அவருக்கு ஞாபகமே இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா, கொழம்பு வேல செஞ்சுச்சா? பொண்ணு நம்ம கூடயே இருக்கப் போறாதானே?"

"இல்லக்கா, போறா" என்றேன்.

மகள் முன்னால் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவரிடம் அதைச் சொன்னதும் வாசல்படியில் உட்கார்ந்து பச்சைப்பிள்ளை மாதிரி அழுதேன். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னோடு ஒட்டி உட்கார்ந்தார். என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"நல்லா அழுதுடு" என்றார். "அழுது முடிச்சுட்டு எனக்குக் கொஞ்சம் ஊத்து."

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் ஊற்றினேன்.